ஓட்டுச் சீட்டும் பாதுகாப்புச் சட்டமும்: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்

தேர்தல் என்று ஒன்று வந்துவிட்டால் நமது கடைத்தெருவில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. வரி ஏறுமா, வேலையாள் பெர்மிட் கிடைக்குமா, சாமான் விலை இறங்குமா, பள்ளிக்கும் பள்ளிவாசலுக்கும் மானியம் வருமா என்று வருகிற அபேட்சகரையெல்லாம் விசாரிக்கிறோம். அது தவறன்று. வியாபாரி தன் வியாபாரத்தைப் பற்றி விசாரிக்கத்தான் வேண்டும்.

ஆனால் ஒரு கேள்வியை மாத்திரம் நம்மவர் கேட்பதே இல்லை. "ஒரு மனிதனைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகாமல் எத்தனை நாள் அடைத்து வைக்கலாம் என்று உங்கள் கட்சி சொல்கிறது?" என்பதே அக்கேள்வி. யாராவது இளைஞர் இதைக் கிளப்பினால், "அது பெரிய இடத்துச் சமாசாரம், தம்பி. லைசென்ஸ் வைத்துப் பிழைக்கிற நமக்கு எதற்கு?" என்று பெட்டியடியிலிருந்தே வாயை அடைத்துவிடுகிறோம்.

எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுங்கள் என்று சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு கட்சியின் மற்றத் திட்டங்களோடு அதன் பாதுகாப்புச் சட்டக் கொள்கையையும் சேர்த்து எடை போடுவது எப்படி என்று பார்ப்பதே நோக்கம்.

1. எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுகிறோம்?

மலாயாவின் அவசரகாலம் 1948-ல் பிறந்து 1960 ஜூலை 31-ல் முடிந்தது. மறுநாளே, அதாவது 1960 ஆகஸ்ட் 1-ல், இசா எனப்பட்ட உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன்படி போலீஸார் ஒருவரை 60 நாள் வைத்து விசாரிக்கலாம். அதன் பிறகு உள்நாட்டு மந்திரி கையெழுத்திட்டால் இரண்டாண்டு காவல். அதை மேலும் மேலும் நீட்டிக்கலாம். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. கம்யூனிஸ்டுகளை அடக்கவே இச்சட்டம் என்று அப்போது காரணம் சொல்லப்பட்டது. கம்யூனிஸ்டுகளோ 1989 டிசம்பரில் ஹாட்யாயில் சமாதானக் கையெழுத்திட்டார்கள். சட்டம் அதற்குப் பிறகும் 22 ஆண்டுகள் இருந்தது.

2012-ல் இசா ரத்தாகி, அதன் இடத்தில் சொஸ்மா என்னும் பாதுகாப்புக் குற்றங்கள் (சிறப்பு நடவடிக்கைகள்) சட்டம் வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதை நியாயமாக ஒப்புக்கொள்ள வேண்டும். சொஸ்மாவில் முடிவில் கோர்ட் விசாரணை உண்டு. அரசியல் கொள்கைக்காக மாத்திரம் ஒருவரைப் பிடிக்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் சாதாரண வழக்கில் பிடிபட்டவரை 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். சொஸ்மாவிலோ ஒரு போலீஸ் அதிகாரியே 28 நாள் வரை காவலை நீட்டிக்கலாம். வக்கீலைப் பார்ப்பதை 48 மணி நேரம் தள்ளிப் போடலாம். குற்றம் சாட்டியபின் ஜாமீன் பொதுவாகக் கிடையாது. 18 வயதுக்குட்பட்டோர், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்குச் சில வழக்குகளில் மாத்திரம் விலக்கு.

இன்னும் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று 1959-ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டம். அது பின்னர் திருத்தப்பட்டுக் கடுமையாயிற்று. மற்றொன்று 2015-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். இவ்விரண்டிலும் ஒரு வாரியம் உத்தரவிட்டால், வழக்கு விசாரணையே இல்லாமல் இரண்டாண்டு அடைத்து வைக்கலாம். அதை நீட்டிக்கவும் செய்யலாம்.

"நாம் குண்டு வைப்பவரா? நமக்கேன் இந்தக் கவலை?" என்று கேட்கலாம். சொஸ்மாவின் அட்டவணையில் பயங்கரவாதம் மாத்திரம் இல்லை. கள்ளத்தனமாக ஆள் கடத்தும் குற்றங்களும் அதில் உள்ளன. அப்படி வந்தவருக்கு அடைக்கலம் கொடுப்பதும் அக்குற்றங்களில் ஒன்று. ஏஜெண்டை நம்பி ஆள் எடுத்து, கடை மாடியில் தங்க வைத்துச் சோறு போடும் நமக்கு இச்சட்டம் வெகுதூரத்தில் இல்லை. சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருக்கும் நமது சகோதரர் பலருக்கு ஓட்டுக் கிடையாது. ஆனால் சட்டம் அவர்களையும் பிடிக்கும். அவர்களுக்கும் சேர்த்தே நாம் ஓட்டுப் போடுகிறோம் என்பது நினைவிருக்கட்டும்.

2. எந்த ஓட்டு எதைத் தொடும்?

நம்மவரில் அநேகர் செய்யும் குழப்பம் இது. சட்டசபை அபேட்சகரிடம் சொஸ்மாவைப் பற்றிக் கோபிக்கிறார்கள். பார்லிமெண்ட் அபேட்சகரிடம் கடை வாசல் சாக்கடையைப் பற்றி முறையிடுகிறார்கள்.

நாட்டு அரசியல் சட்டத்தின்படி உள்நாட்டுப் பாதுகாப்பு மத்திய சர்க்காரின் அதிகாரம். பினாங்குச் சட்டசபையின் 40 உறுப்பினரும் ஒருமனதாகக் கை தூக்கினாலும் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது. அது பார்லிமெண்டில் நமக்குள்ள 13 உறுப்பினர் கையில் இருக்கிறது. நிலம் மாநில அதிகாரம். அங்காடி லைசென்ஸும் குப்பையும் மாநகர் மன்றத்துப் பொறுப்பு. நகராட்சித் தேர்தல் 1965-ல் நிறுத்தப்பட்ட பின் மன்றத்தாரை நியமிப்பது மாநில சர்க்காரே. சேவை வரி, சுங்கம், வேலையாள் பெர்மிட் ஆகியவை மத்திய சர்க்காருடையவை.

2022 நவம்பர் 19-ல் நடந்த பார்லிமெண்ட் தேர்தலோடு பினாங்குச் சட்டசபைத் தேர்தல் நடக்கவில்லை. அது தனியே 2023 ஆகஸ்ட் 12-ல் நடந்தது. இப்படித் தனித்தனியே நடக்கும்போது நமக்கு வேலை சுலபம். சட்டசபை ஓட்டில் லைசென்ஸையும் நிலத்தையும் பிரதானமாக வைத்து எடை போடலாம். பார்லிமெண்ட் ஓட்டில் பாதுகாப்புச் சட்டத்தைத் தராசில் வைக்காமல் விடுவது நியாயமாகாது. ஒரே நாளில் நடந்தாலும் சீட்டு இரண்டுதான். இரண்டிலும் ஒரே கட்சிக்குத்தான் போட வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். குடிநுழைவு இலாகாவும் பாதுகாப்புச் சட்டங்களும் ஒரே உள்துறை மந்திரியின் கீழ் இருக்கின்றன. முடிதிருத்தகம், ஜவுளி, நகை ஆகிய மூன்று தொழில்களுக்கும் வெளிநாட்டு ஆள் எடுக்கும் வழி பல ஆண்டு அடைபட்டுக் கிடந்து 2023-ல் திறந்தபோது நம்மவர் மகிழ்ந்தது நியாயம். பெர்மிட்டுக்காக அந்த இலாகாவின் படியேறும் நாம், அதே இலாகாவின் மற்ற அதிகாரத்தைப் பற்றிப் பேசக் கூசுகிறோம். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் அந்தக் கூச்சம் போகும்.

3. வாக்குறுதியும் வாக்கெடுப்பும்

விஞ்ஞாபனத்தைப் படிக்கும்போது சரக்குப் பட்டியல் பார்ப்பதுபோல் வரிவரியாகப் பார்க்க வேண்டும். 2018 தேர்தலில் பாக்காத்தான் ஹராப்பான் கூட்டணி வெளியிட்ட விஞ்ஞாபனத்தில் இரண்டு பட்டியல் இருந்தது. முதற் பட்டியலில் உள்ள சட்டங்களை அடியோடு நீக்குவோம் என்றார்கள். 1959-ஆம் ஆண்டுக் குற்றத் தடுப்புச் சட்டம் அதில் இருந்தது. இரண்டாம் பட்டியலில் உள்ள சட்டங்களில் கொடிய பிரிவுகளை மாத்திரம் நீக்குவோம் என்றார்கள். சொஸ்மா இதில்தான் இருந்தது. "சொஸ்மாவையே ஒழிப்பதாகச் சொன்னார்கள்" என்று கடைத்தெருவில் இன்றும் பேசுவோர் பட்டியலைப் படிக்கவில்லை. எனினும், அவர்கள் சொன்ன அந்த அளவுகூட 22 மாத ஆட்சியில் நிறைவேறவில்லை என்பதும் உண்மை.

பேச்சைவிட வாக்கெடுப்பைப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7-ந் தேதி நள்ளிரவு கழிந்தபின் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் மக்கள் சபையில் நிறைவேறியது. ஆதரவு 79, எதிர்ப்பு 60. சபையின் மொத்த ஸ்தானம் 222! ஏறத்தாழ 80 பேர் ஓட்டே போடவில்லை. அவர்களில் எதிர்க்கட்சியாரும் இருந்தார்கள்.

சொஸ்மாவின் 28 நாள் பிரிவுக்கு ஆயுள் ஐந்தாண்டு. பார்லிமெண்ட் நீட்டித்தால்தான் அது நீடிக்கும். 2022 மார்ச் 23-ல் அன்றைய சர்க்கார் நீட்டிக்கக் கோரியபோது ஆதரவு 84, எதிர்ப்பு 86; வராதவர் 50. இரண்டே ஓட்டில் தீர்மானம் தோற்றது. அதே ஆண்டு ஜூலையில் மீண்டும் கொண்டு வந்தார்கள். ஆதரவு 111, எதிர்ப்பு 88; வராதவர் 21. தீர்மானம் வென்றது.

ஆகவே அபேட்சகரிடம் கேட்க வேண்டியது, "உங்கள் கொள்கை என்ன?" என்பது மாத்திரமல்ல. "வாக்கெடுப்பு நாளில் சபையில் இருந்தீர்களா?" என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வராமல் இருப்பதும் ஒருவகை ஓட்டுத்தான்.

இன்று இந்நாட்டில் பெரிய அணி ஒவ்வொன்றும் ஆளுங்கட்சியாகவும் இருந்து பார்த்துவிட்டது, எதிர்க்கட்சியாகவும் இருந்து பார்த்துவிட்டது. எதிரில் உட்கார்ந்தபோது கொடிய சட்டம் என்று சொன்னவர், ஆசனம் மாறியதும் அவசியமான சட்டம் என்று சொல்வதைக் கண்டோம். இருபுறத்துப் பதிவும் நம்மிடம் இருப்பது நல்லதே. ஒருவரது பழைய கணக்கைப் பார்த்துத்தானே புதிதாகக் கடன் கொடுக்கிறோம்?

4. சட்டம் யாரைத் தேடி வரும்?

ஒருவருக்காகச் செய்த சட்டம் அவரோடு நிற்பதில்லை. 1987 அக்டோபர் 27 முதல் நடந்த லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இசாவில் பிடிபட்டனர். எதிர்க்கட்சியினர் மாத்திரமல்ல, ஆளுங்கட்சியைச் சேர்ந்த சிலரும் பிடிபட்டனர். பினாங்கில் பிறந்த கர்ப்பால் சிங், பினாங்கில் இயங்கும் அலிரான் சங்கத்தின் தலைவராயிருந்த டாக்டர் சந்திரா முஸாபர் ஆகியோரும் அவர்களில் அடங்குவர். பினாங்கில் 1971-ல் தொடங்கிய ஸ்டார் உட்பட மூன்று பத்திரிகைகளின் லைசென்ஸ் பறிபோனது. அப்போது மந்திரி சபையில் கல்வி மந்திரியாக இருந்தவர் நமது மாநிலத்துக்காரரான அன்வார் இப்ராஹிம். 1998-ல் அவரே இசாவில் பிடிபட்டார்.

தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 2002 மார்ச்சில் இந்தியப் பார்லிமெண்டில் பொடாச் சட்டம் நிறைவேறியபோது ம.தி.மு.க. அதை ஆதரித்தது. அதே ஆண்டு ஜூலையில் அக்கட்சியின் பொதுச் செயலாளர் வைகோ அதே பொடாவில் கைதாகி 19 மாதம் சிறையிலிருந்தார்.

இலங்கையில் 1979-ல் தமிழ்ப் போராளிகளை முன்னிட்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் கொண்டு வரப்பட்டது. மூன்றாண்டுக்கு என்று சொன்னதை 1982-ல் நிரந்தரமாக்கினார்கள். நாற்பதாண்டு கழித்து, 2020-ல், தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் என்னும் இளம் முஸ்லிம் ஆசிரியர் அதே சட்டத்தில் பிடிபட்டார். 2021 டிசம்பரில் ஜாமீன் கிடைத்தது. 2023-ல் குற்றமற்றவர் என்று விடுதலையானார். 1979-ல் இச்சட்டம் தம் வீட்டுக் கதவைத் தட்டும் என்று அங்குள்ள முஸ்லிம்களில் எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்?

நமது நாட்டில் 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் சம்பந்தமாகப் 12 பேர் சொஸ்மாவில் பிடிபட்டனர். அவர்களில் மலாக்காவின் ஜி. சாமிநாதனும் நெகிரி செம்பிலானின் பி. குணசேகரனும் அன்று மத்தியில் ஆண்ட கூட்டணியின் சட்டசபை உறுப்பினர்கள். 2020 பிப்ரவரி 21-ல் அரசாங்கத் தலைமை வழக்கறிஞர் குற்றச்சாட்டுகளைக் கைவிட்டார். அதற்குள் நான்கு மாதம் போய்விட்டது. ஆளும் கட்சியின் உறுப்பினர் என்ற பதவியும் அவர்களுக்குக் கேடயமாகவில்லை.

5. நஷ்டத்தில் இரண்டு வகை

வியாபாரக் கொள்கையால் வரும் நஷ்டம் சிறிதன்று. ஜார்ஜ் டவுனில் பழைய கடைகளுக்கிருந்த வாடகைக் கட்டுப்பாடு 1999 டிசம்பர் 31-ஓடு முடிந்ததும், தலைமுறையாக இருந்த இடத்தை விட்டு எத்தனை கடைகள் போயின என்பதைச் சூலியா வீதியைச் சுற்றியிருப்பவர் அறிவர். 2015-ல் வந்த 6 சதவீதச் சரக்குச் சேவை வரியால் நாம் பட்ட கணக்கு வேலையையும் யாரும் மறக்கவில்லை.

ஆனால் அந்த நஷ்டங்களில் நமக்குக் கை கால் இருந்தது. சங்கம் கூடினோம், மனுக் கொடுத்தோம், வக்கீலைப் பார்த்தோம், வேறு இடம் தேடினோம். அந்த வரியும் 2018-ல் ஆட்சி மாறியதும் எடுபட்டது. போன பணத்தில் கொஞ்சம் பின்னால் சம்பாதிக்கலாம்.

விசாரணையின்றி அடைபட்டவன் விஷயம் வேறு. அவன் மனுக் கொடுக்க முடியாது. கடையைத் திறக்க முடியாது. பெட்டிச் சாவி யாரிடம், சரக்குக்காரனுக்கு யார் பதில் சொல்வது, வாடகை எப்படிக் கட்டுவது என்று வீட்டுப் பெண்கள் தவிக்க வேண்டும். நான்கு வாரம் பூட்டிக் கிடந்த கடைக்கு வாடிக்கை திரும்பி வருமா? குற்றமற்றவன் என்று பின்னால் சொன்னாலும், போன நாளையும் போன பேரையும் எந்தச் சர்க்காரும் திருப்பிக் கொடுப்பதில்லை.

ஆகவே இரண்டையும் ஒரே எடைக்கல்லால் நிறுக்கக் கூடாது. திருத்தக்கூடிய நஷ்டம் பெரிதாயினும் தாங்கலாம். திருத்த முடியாத நஷ்டம் நூற்றில் ஒருவருக்கு வந்தாலும் அதன் பாரம் அதிகம்.

6. மறுபக்கத்து நியாயம்

"ஏன் நானா, திருடனும் குண்டர் கும்பலும் திரிந்தால் கடை நடத்த முடியுமா? போலீஸுக்குப் பலம் வேண்டாமா?" என்று கேட்பவர் நம்மிலேயே உண்டு. கேள்வி சரியானதே. 2016 ஜூன் 28-ல் பூச்சோங்கில் ஒரு கேளிக்கை விடுதியில் கையெறி குண்டு வீசப்பட்டு எட்டுப் பேர் காயமடைந்தார்கள். அப்படிப்பட்டவர்களை வேகமாகப் பிடிக்கத்தான் வேண்டும். கடைத்தெருவில் அமைதியில்லையென்றால் முதலில் பட்டினி கிடப்பவர் நாமே.

ஆனால் பிடிப்பது வேறு, நீதிபதிக்குக் காட்டாமல் வைத்திருப்பது வேறு. பிடித்த போலீஸ் அதிகாரியே காவலை நீட்டிப்பதும், பிடிக்காத ஒரு நீதிபதி காரணம் கேட்டு நீட்டிப்பதும் ஒன்றல்ல. கடையில் கூட, பணம் வாங்குகிறவனே தணிக்கையும் செய்தால் நாம் சம்மதிப்போமா? அவன் நாணயமானவனாகவே இருக்கலாம். இருந்தும் கணக்கை இன்னொருவரிடம் காட்டச் சொல்கிறோம்.

அதேபோல, "ஒழிப்போம்" என்று முழங்குபவரை மாத்திரம் நம்பிவிடக் கூடாது. இசா ஒழிந்தது, சொஸ்மா வந்தது. இந்தியாவில் 2004-ல் பொடா ஒழிந்தது. அதே ஆண்டில் அதன் பிரிவுகள் பலவும் 1967-ஆம் ஆண்டின் வேறொரு சட்டத்துக்குள் புகுந்தன. சட்டத்தின் பெயரைப் பார்த்தால் ஏமாந்து போவோம். இரண்டு விஷயத்தையே பார்க்க வேண்டும்: ஒருவன் யார் கையெழுத்தில் அடைபடுகிறான்? எத்தனையாவது நாளில் நீதிபதி முன் நிற்கிறான்?

7. கணக்கு எழுதிப் பார்ப்போம்

ஒரு உதாரணம். 'அ' என்னும் அபேட்சகர் பெர்மிட்டை எளிதாக்குவோம், வரியைக் குறைப்போம் என்கிறார். பாதுகாப்புச் சட்டம் இருக்கட்டும் என்கிறார். 'ஆ' என்பவர் வியாபாரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாதுகாப்புச் சட்டம் அத்தனையும் ஒழியட்டும் என்கிறார்.

'அ'-விடம் கேளுங்கள்: "28 நாள் காவலை மாஜிஸ்திரேட் பார்வைக்குக் கொண்டு வரச் சம்மதிப்பீர்களா? ஜாமீன் கொடுப்பதா இல்லையா என்பதை நீதிபதியிடம் விடுவீர்களா?" சம்மதம் என்று சபையறியச் சொன்னால், அவர் கணக்கில் பெரிய வரவு எழுதலாம். 'ஆ'-விடம் கேளுங்கள்: "உங்கள் கட்சி ஆட்சியிலிருந்தபோது இதற்கு எந்த மசோதா கொண்டு வந்தது? வாக்கெடுப்பில் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" பதில் இல்லையென்றால் அவர் வரவு வெறுங்காகிதம்.

இருவரும் இதில் ஒன்றுபோலவே இருந்தால், மற்றக் கொள்கைகளைக் கொண்டு தீர்மானிப்பதில் தவறில்லை. ஒருவர் சிறிதளவாவது நீதிபதியின் பக்கம் நகர்ந்திருந்தால், சில்லறைச் சலுகைக்காக அவரைத் தள்ளிவிடக் கூடாது. மானியம் ஒருமுறை கிடைப்பது; சட்டம் நம் பேரப்பிள்ளை காலத்திலும் இருப்பது.

8. நாம் செய்ய வேண்டியது

ஓட்டினால் என்ன ஆகும் என்று சலிப்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2007 டிசம்பரில் ஹிண்ட்ராப் தலைவர்கள் ஐவர் இசாவில் பிடிபட்டனர். 2008 மார்ச்சில் நடந்த தேர்தலில் அவர்களில் ஒருவரான மனோகரன் காவலிலிருந்தபடியே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆளுங்கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பலத்தை இழந்தது. 2011 செப்டம்பர் 15-ல் இசாவை நீக்குவதாக அன்றைய பிரதமர் நஜீப் அறிவித்தார். 51 ஆண்டு அசையாதிருந்தது, ஓட்டுச் சீட்டின் பாரம் தெரிந்தபின் அசைந்தது.

2022-ல் நீட்டிக்கப்பட்ட 28 நாள் பிரிவின் ஐந்தாண்டு, இடையில் வேறு திருத்தம் வராவிடில், 2027 ஜூலை 31-ல் முடிகிறது. முன்னதாகக் கலைக்கப்படாவிடில் 2022-ல் கூடிய பார்லிமெண்டின் ஆயுளும் 2027 டிசம்பரோடு தீர்கிறது. எனவே நீட்டிப்பு வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் கை தூக்கினார், யார் வராமலிருந்தார் என்பது அபேட்சகர்கள் நமது கடை வாசலுக்கு வருமுன்னரே தெரிந்துவிடும்.

அதற்கு முன் நமது சங்கங்கள் செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. தஞ்சோங் முதலாகத் தத்தம் தொகுதிப் பார்லிமெண்ட் உறுப்பினரைச் சங்கத்துக்கு அழைத்துத் தேநீர் கொடுத்து, பெர்மிட்டையும் வரியையும் பற்றிக் கேட்டபின், மேற்கண்ட இரண்டு கேள்விகளையும் மரியாதையாகக் கேட்க வேண்டும்; பதிலைக் கூட்டக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். 18 வயதான பிள்ளைகளுக்கு இப்போது பெயர் தானாகவே பதிவாகிறது. அவர்களையும் அக்கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். கேள்வி கேட்டால் லைசென்ஸ் போய்விடும் என்ற பயத்தை அவர்களுக்குச் சொத்தாக விட்டுப் போக வேண்டாம்.

ஓட்டு நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கடையில் பொய்யெடை போடக் கூடாது என்று நமக்குச் சிறு வயதிலேயே ஓதிக் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுச் சாவடியிலும் அவ்விதமே சரியாக நிறுத்துப் போடுவோமாக.